டிரில் யார் கையில்? நியூரோசர்ஜரிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காஷுவால்டியில் ஒரு ராத்திரி. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பெரியவர். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, சி.டி. படத்தைக் காட்டி, உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று அவர் மகனிடம் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சரிங்க சிஸ்டர். டாக்டர் எப்ப வருவாரு?" பக்கத்தில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பையன் நின்றிருந்தான், போஸ்டிங் வந்து நான்கு நாள். கும்பிடு அவனுக்குப் போனது.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் இது பெரிய தடை இல்லை. அப்பா கண் விழித்ததும் அதே மகன் "டாக்டரம்மா எங்கே" என்று வார்டு முழுக்கத் தேடிக்கொண்டு வந்தார். நோயாளிகள் சீக்கிரம் மாறிவிடுவார்கள். தியேட்டருக்குள்ளே, நம் ஆட்களுக்கு நடுவே இருக்கும் தடைதான் மாற நாளாகும். அது பெரும்பாலும் கண்ணுக்கும் தெரியாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வரலாற்றை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் முதல் நியூரோசர்ஜரி துறையை 1949ல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அந்தச் சென்னையில்தான் டி.எஸ். கனகா 1963ல் எம்.எஸ்., 1968ல் அதற்கு மேற்பட்ட சிறப்புப் பட்டமான எம்.சிஎச். முடித்து, ஆசியாவின் முதல் பெண் நியூரோசர்ஜன் என்று பெயர் பெற்றார். நடுவில் சீனப் போர்க் காலத்தில் ராணுவத்திலும் வேலை பார்த்தார். 1975லேயே மூளைக்குள் நிரந்தர எலெக்ட்ரோடு பொருத்தியவர். 2018ல் காலமானார். அவர் படித்து முடித்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், பெண் நியூரோசர்ஜன் என்றால் இன்னும் பத்திரிகையில் செய்தி வருகிறது. செய்தியாக வரும்வரை நிலைமை சரியாகவில்லை என்றுதான் அர்த்தம்.

பெண்களுக்கு மட்டும் எழுதவில்லை. வீட்டில் முதல் டாக்டர், ஊரில் முதல் டாக்டர், ஆங்கிலம் சரளமாக வராதவர், சொந்த ஆஸ்பத்திரி வைத்திருக்கும் அப்பா இல்லாதவர் எல்லோருக்கும்தான். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் 2020ல் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். வந்த முதல் அணி அடுத்து என்ன படிப்பது என்று யோசிக்கும் காலம் இது. அவர்களில் நாலு பேராவது இந்தப் பக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை.

1. எந்தக் கதவு வழியாக உள்ளே வருவது

இரண்டு வழி உண்டு. ஒன்று, எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை மூன்று வருடம் முடித்து, சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ். எழுதி, எம்.சிஎச். மூன்று வருடம். இன்னொன்று, எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு நேராக ஆறு வருடப் படிப்பு. எய்ம்ஸ், நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் அவற்றுக்கென்றே நடக்கும் ஐ.என்.ஐ. தேர்வு வழியாகவும், தேசியத் தேர்வு வாரியத்தின் டி.ஆர்.என்.பி. படிப்பு என்றால் நீட் பி.ஜி. வழியாகவும் அதற்குப் போகலாம்.

கணக்குப் போட்டால் இரண்டும் ஆறு வருடம்தான். ஆனால் முதல் வழியில் நடுவே ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. அது ஒரு வருடத்தைத் தின்னும், சில பேருக்கு இரண்டு வருடம். அந்த வருடங்களில் கையில் சம்பளம் இருக்குமா, வீட்டில் பொறுப்பார்களா என்பதுதான் கேள்வி. கடன் வாங்கிப் படிக்க வைத்த அப்பா அம்மாவுக்கு 'இன்னும் படிப்பு முடியவில்லை' என்ற வாக்கியம் எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் காசு இல்லை, ஆனால் நியூரோசர்ஜரிதான் என்பதில் சந்தேகமும் இல்லை என்றால், நேரடி ஆறு வருடத்தைத் தீவிரமாகப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் எம்.எஸ். வழியே வாருங்கள். பிடிக்காவிட்டால் அங்கிருந்து வேறு பக்கம் திரும்ப வழி இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். வரை இருக்கும் சமூக இடஒதுக்கீடு சூப்பர் ஸ்பெஷாலிட்டியில் கிடையாது. மேலே ஏற ஏற ஏணியில் படிகள் குறைந்துகொண்டே போகும். தமிழ்நாட்டில் அதற்குக் கொஞ்சம் ஈடு செய்வது அரசு மருத்துவர்களுக்கான ஒதுக்கீடு. அரசுக் கல்லூரிகளின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் 50 சதவீதத்தை அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு ஒதுக்கி 2020ல் அரசாணை வந்தது. வழக்குக்குப் போய், 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டுக் கவுன்சலிங்குக்கு வழிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மாதச் சம்பளமும் வாங்கிக்கொண்டு, பிறகு மேலே படிக்க வருவது பணமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல வழி. பெருமை குறைச்சல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பாண்டு (படிப்பு முடிந்து அரசுப் பணி செய்வதாக எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம்) எத்தனை வருடம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

2. சேரும் முன் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள்

கவுன்சலிங்கில் எல்லோரும் கட்-ஆஃப் பார்த்து இடம் பிடிப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே, உங்கள் பட்டியலில் மேலே இருக்கும் இரண்டு மூன்று இடங்களுக்கு பஸ் ஏறிப் போய்விடுங்கள். எச்.ஓ.டி.யை, அதாவது துறைத் தலைவரைப் பார்க்க வேண்டாம். மத்தியானம் கேன்டீனில் கடைசி வருட பி.ஜி.யைப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். "அண்ணா, நீங்க தனியா தலை தொறந்து மூடின கேஸ் எத்தனை?" பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கவனியுங்கள். அப்புறம், பெண்களுக்குத் தனி டியூட்டி ரூம் இருக்கிறதா, அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா. கேட்கச் சின்ன விஷயம்தான். ராத்திரி மூன்று மணிக்கு அரை மணி நேரம் கண்ணயர இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தே மூன்று வருடம் ஓட்டியவர்கள் உண்டு. கடந்த ஐந்து வருடத்தில் படிப்பை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள் என்றும் கேளுங்கள். பெண் பி.ஜி.யே இதுவரை இல்லாத துறை என்றால் அதனாலேயே தவிர்க்க வேண்டாம். ஆனால் இருந்து பாதியில் போன துறை என்றால் இரண்டு முறை யோசியுங்கள்.

பேர் பெற்ற இடத்தில் மூன்று வருடம் வேடிக்கை பார்ப்பதைவிட, கேஸ் குவியும் மாவட்டத் தலைநகர ஜி.எச்.சில் ராப்பகலாகக் கை நனைப்பது மேல் என்பது என் கட்சி. எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

3. உங்களுக்கென்று ஒரு நோட்டு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றப் போகிறீர்கள் என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

பல்கலைக்கழகம் கேட்கும் லாக் புக் ஒன்று இருக்கும். அதில் ஒவ்வொரு கேஸுக்கும் எதிரே 'பார்த்தேன்', 'உதவினேன்', 'மேற்பார்வையில் செய்தேன்', 'தனியாகச் செய்தேன்' என்ற மாதிரி கட்டம் இருக்கும். பிரச்சினை 'உதவினேன்' என்ற கட்டத்தில்தான். நான்கு மணி நேரம் சக்‌ஷன் பிடித்து நின்றவரும் அதைத்தான் நிரப்புவார். மண்டை ஓட்டைத் திறந்து மூளையை மூடியிருக்கும் டூரா என்ற சவ்வுவரை போனவரும் அதைத்தான் நிரப்புவார். காகிதத்தில் இருவரும் சமம். மூன்று வருடம் கழித்து ஒருவருக்குக் கை வரும், இன்னொருவருக்கு வராது. அப்போது "அவளுக்குக் கை வரல" என்று சொல்லிவிடுவார்கள்.

அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கேஸைப் படிநிலைகளாக உடைத்து எழுதுங்கள். தலையைப் பொசிஷன் செய்தது, தோல் வெட்டு, பர் ஹோல் (எலும்பில் போடும் துளை), எலும்பு மூடி எடுத்தது, டூரா திறந்தது, உள்ளே வேலை, டூரா தைத்தது, தோல் மூடியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'யார்' என்று ஒரு கட்டம். நோயாளியின் பெயர் வேண்டாம், ஐ.பி. எண் போதும். எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது. தியேட்டரை விட்டு வெளியே வரும்போதே எழுதிவிடுங்கள், ராத்திரி எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டீர்கள்.

நான் முதல் ஆறு மாதம் எழுதிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். கேஸ் எண்ணிக்கையில் நானும் என் பேட்ச் பையனும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மண்டை ஓட்டைத் துளைக்கும் டிரில் என் கையில் இருந்தது நான்கே முறை. பதினொரு முறை நான் செய்திருந்தது தோல் தையல் மட்டும். அவன் நோட்டு எழுதவில்லை. கேட்டதும் யோசித்து, "டிரில்லா? அது எப்பவுமே நான்தானே பண்றேன்" என்றான். அவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவனுக்கு அது தெரியவே இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. யாரும் என்னைத் திட்டியதில்லை, போ என்று சொன்னதில்லை. அசிஸ்டென்ட் புரொஃபசர் நல்ல மனிதர். ராத்திரி இரண்டு மணிக்கு "நீ போய்க் கொஞ்சம் படும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்பார். அந்த ராத்திரி இரண்டு மணிக் கேஸ்களில்தான் பி.ஜி. கைக்கு டிரில் வருகிறது. பகல் லிஸ்ட்டில் வரும் கட்டிகளை சீஃப் செய்வார். விபத்தில் வரும் தலைக்காயம்தான் நமக்குப் பள்ளிக்கூடம். என்னைத் தூங்க அனுப்பிய ஒவ்வொரு முறையும் ஒரு கிரேனியாட்டமி, மண்டை ஓட்டைத் திறக்கும் ஆபரேஷன், கைவிட்டுப் போயிருக்கிறது. அக்கறையால் கட்டிய வேலி அது. எண்ணிப் பார்க்காமல் இருந்தால் நன்றி சொல்லிக்கொண்டே வேலிக்கு வெளியே நின்றிருப்பேன்.

ஊர்ப் பையன்களுக்கு இதே வேலி வேறு மாதிரி வரும். டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் நன்றாக எழுதுகிறவனைக் கான்ஃபரன்ஸ் பிரசென்டேஷனுக்கு அனுப்புவார்கள். உறவினர்களிடம் பேசிச் சமாளிக்கத் தெரிந்த கிராமத்துப் பையனை ரத்தம் ஏற்பாடு செய்ய, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக வைத்துக்கொள்வார்கள். "இவன் இருந்தா வார்டு பத்தி கவலையே இல்ல" என்று புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சி வந்தால் உஷாராகிவிடுங்கள்.

4. கேஸ் கேட்பது

எண்ணிக்கை கையில் வந்ததும் சண்டைக்குப் போக வேண்டாம். 'பாரபட்சம்' என்ற சொல்லை எடுத்தால் எதிரில் இருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்கிவிடுவார், பேச்சு அதோடு முடிந்தது. குறிப்பாக, சின்னதாக, தேதி போட்டுக் கேளுங்கள்.

அசிஸ்டென்ட் புரொஃபசரிடம் நான் கேட்டது இப்படி: "சார், இந்த மாசம் வர்ற கிரானிக் சப்டியூரல்ல ரெண்டு கேஸ் நான் ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் பண்றேன். நீங்க எதிர்ல நில்லுங்க. நடுவுல பத்து நிமிஷத்துக்கு மேல திணறினா நீங்க வாங்கிக்குங்க."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "கேட்டாத்தானம்மா தெரியும். நீயா தள்ளி நிக்கிறன்னு நெனச்சேன்" என்றார்.

கிரானிக் சப்டியூரலைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. வயதானவர்கள் எப்போதோ கீழே விழுந்து, வாரக்கணக்கில் மெதுவாகக் கசிந்த ரத்தம் அது. பர் ஹோல் போட்டு டூராவைத் திறந்தால் இன்ஜின் ஆயில் நிறத்தில் பீய்ச்சிக்கொண்டு வரும். திறப்பது முதல் மூடுவதுவரை ஒருவரே செய்து முடிக்கக்கூடிய சிறிய கேஸ், மேற்பார்வையில் இருப்பவருக்கும் பயம் குறைவு. அங்கே ஆரம்பித்து, மூளை நீரை வெளியே வடிக்கும் வென்ட்ரிக்குலர் டிரெயின், அதை வயிற்றுக்குத் திருப்பிவிடும் வி.பி. ஷண்ட், பிறகு அடிபட்ட தலைக்கு எலும்பை அகலமாக எடுப்பது, அதை மாதங்கள் கழித்துத் திருப்பி வைப்பது, முதுகு டிஸ்க், மூளை உறையில் மேலாக வரும் மெனிஞ்சியோமா கட்டி என்று ஏறிப்போங்கள். மூளை ரத்தக் குழாய் வீக்கமான அனியூரிசத்துக்குக் கிளிப் போடுவது கடைசி வருடக் கனவாக இருக்கட்டும். எந்தக் காலாண்டில் எதைத் தொட வேண்டும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தால் கேட்பது சுலபம்.

கேட்டும் கிடைக்கவில்லை என்றால்? மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கேளுங்கள், இந்தத் தடவை நோட்டோடு. அப்போதும் இல்லையென்றால் எச்.ஓ.டி.யிடம் போங்கள், தனியாக இல்லாமல் பேட்ச் பி.ஜி.க்கள் எல்லோரும் சேர்ந்து, 'எல்லோருக்கும் கேஸ் சுற்று முறையில் வரட்டும்' என்று கேட்டு. தனி ஆளின் குறை என்றால் 'அந்தப் பொண்ணு பிரச்சினை பண்றா' என்று ஆகும். சுற்று முறை என்றால் அது துறை நிர்வாகம்.

மைக்ராஸ்கோப்பைப் பற்றி ஒரு சின்ன உபாயம். அதன் பேலன்ஸ் சரி செய்வது, டிரேப் போடுவது, கேமரா இணைப்பது மூன்றையும் முதல் வருடத்திலேயே டெக்னீஷியனிடம் கற்றுக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் மைக்ராஸ்கோப் ஆடினால் கூப்பிடுவது உங்களைத்தான். கூப்பிட்ட பிறகு அசிஸ்டென்ட் ஐபீஸில் கண்ணை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுங்கள். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் கை பழகலாம். முட்டை ஓட்டை, உள்சவ்வு கிழியாமல் டிரில் செய்து எடுக்கும் பயிற்சி உலகம் முழுக்க இருக்கிறது. கோழி இறக்கையில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாயை மிக மெல்லிய 10-0 நூலில் தைத்துப் பழகலாம். காலாவதியான தையல் நூலைத் தியேட்டர் சிஸ்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய ஊர்களில் நடக்கும் கடாவர் பயிற்சிகளுக்குக் கட்டணம் அதிகம். முட்டைக்கும் கோழிக்கும் அவ்வளவு ஆகாது.

5. உயரம், கையுறை, ஈய அங்கி

"பொண்ணுங்களுக்கு எலும்புல பலம் குடுத்து வேலை செய்ய வராது" என்பதை இன்னும் கேட்கலாம். பல அரசு மருத்துவமனைகளில் கையால் சுற்றும் ஹட்சன் பிரேஸ் இன்னும் ஓடுகிறது. அதில் கை பலத்தைவிடத் தோளிலிருந்து நேராகக் கீழே இறங்கும் எடைதான் வேலை செய்கிறது. மேஜை, ஆறடி உயர சீஃபுக்காக ஏற்றி வைத்திருக்கிறது. ஐந்தடி உயரக்காரி கையை மேலே தூக்கிக்கொண்டு சுற்றினால் எப்படி இறங்கும்? பத்து அங்குல உயர ஸ்டூல் ஒன்று போட்டு ஏறி நின்றதும் என் 'பலம்' கூடிவிட்டது. ஸ்டூலை டிரேப் போடும் முன்பே போடச் சொல்லுங்கள். நடுவில் கேட்டால் எல்லோரும் நின்று உங்களைப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நியூரோசர்ஜரி துறைக்கு முதல் பெண் தலைவராக 2005ல் மிச்சிகனில் வந்த கேரின் முராஸ்கோ, பிறவியிலேயே தண்டுவடக் குறைபாடு உள்ளவர். உடம்பு இதற்கு ஒத்துவராது என்று யாராவது ஆரம்பித்தால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

கையுறை 6, 6½ அளவு ஸ்டோரில் இருக்காது, 7, 7½தான் இருக்கும். தளர்ந்த கையுறையின் விரல் நுனி மடிந்து முடிச்சுக்குள் மாட்டும். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே அது ஆபத்து. மாதாந்திர இன்டென்ட் (தேவைப் பட்டியல்) எழுதும் சிஸ்டரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் அடுத்த மாதம் வந்துவிடும். யாரும் கேட்காததால்தான் வாங்காமல் இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

தியேட்டரிலேயே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் ஓடும் முதுகெலும்பு கேஸ்களில் ஈய அங்கியும் தைராய்டு காலரும் உங்கள் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் உங்கள் பெயரில் வந்திருக்க வேண்டும். பல இடங்களில் பி.ஜி.க்குத் தருவதில்லை. எழுத்தில் கேளுங்கள்.

6. கல்யாணம், பிள்ளை

படிப்பு முடிய முப்பது, முப்பத்தொன்று ஆகும். இதைச் சுற்றிவளைக்காமல் முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. நேர்காணலில் "கல்யாணம் எப்போ, புள்ள பெத்துக்கிட்டா டியூட்டி யார் பாக்குறது" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடப் படிக்கும் பையனுக்கு அதே வருடம் குழந்தை பிறந்தால் லட்டு கொடுத்து வாழ்த்துவார்கள். கேள்வி வந்தால் நான் சொன்ன பதில்: "டியூட்டி ரோஸ்டர் படி பார்ப்பேன் சார்." அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சட்டப்படி, மகப்பேறு விடுப்பு பி.ஜி. மாணவிகளுக்கு உண்டு. மத்தியச் சட்டத்தில் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். தமிழ்நாடு அரசு ஊழியராக இருந்தால் 2021 ஜூலை முதல் 12 மாதம். படிப்புக் காலம் அந்த அளவு நீளலாம், தேர்வு தள்ளிப் போகலாம். அதைச் சேர்த்தே திட்டமிடுங்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிவித்த பிறகு கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. சி-ஆர்ம் இல்லாத கேஸ்களுக்கு மாற்றிக் கேட்கலாம். ஆனால் எல்லாக் கேஸிலிருந்தும் உங்களை விலக்கி ஓ.பி.யில் உட்கார வைத்தால் சம்மதிக்காதீர்கள். தலை திறக்கும் கேஸ் பெரும்பாலானவற்றில் எக்ஸ்ரேயே கிடையாது.

வேலை நேரம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகளில், நியாயமான வேலை நேரம், வேலைச் சூழலைப் பொறுத்து வாரம் ஒரு நாள் ஓய்வு, வருடத்துக்கு 20 நாள் விடுப்பு எல்லாம் எழுதியிருக்கிறது. நடைமுறை வேறு என்பது ஊரறிந்தது. விதி என்ன என்று தெரிந்தவரிடம் பேசும் தொனி கொஞ்சம் மாறும், அதற்காகவாவது படித்து வைத்திருங்கள். 36 மணி நேரம் தூங்காமல் வேலை பார்த்துவிட்டு பைக் ஓட்டாதீர்கள். தலைக்காயக்காரராக நம் வார்டுக்கே வந்த டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு உடைகிற அளவுக்குப் போனால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

7. எல்லை மீறினால்

தியேட்டரில் முகமூடி போட்டிருப்பதால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது என்ற தைரியம் சிலருக்கு உண்டு. கொச்சை ஜோக், தேவையில்லாமல் உரசுவது, ராத்திரி மெசேஜ். 1991ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டின் நியூரோசர்ஜரி பேராசிரியர் ஃபிரான்சஸ் கான்லி, அங்கே முழுப் பேராசிரியராக உயர்ந்த பிறகும் இந்த மாதிரி நடத்தையைச் சகிக்க முடியாமல் ராஜினாமா செய்வதாக அறிவித்தார், பிறகு திரும்பிப் போனார். பதவி வந்தால் தானாக நின்றுவிடும் என்று காத்திருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் வேண்டும், வெளியாள் ஒருவர் வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். நாள், நேரம், இடம், யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே எழுதி உங்களுக்கே ஈமெயில் போட்டுக்கொள்ளுங்கள். மெசேஜை அழிக்காதீர்கள்.

சாதிக்கு இப்படி ஒரு குழுகூட எல்லா இடத்திலும் இல்லை. 'சொந்த ஊர் எது' என்று ஆரம்பித்து, 'ஊருக்குள்ளயா, வெளியிலயா' என்று போய், 'குலதெய்வம் எது' என்று முடியும் விசாரிப்பு டியூட்டி ரூமிலும் நடக்கும். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "கேஸ் ஷீட்ல எழுதணுமாண்ணா?" என்று ஒரு நண்பன் திருப்பிக் கேட்டான். அதன் பிறகு யாரும் அவனைக் கேட்கவில்லை.

8. பேப்பர், மாநாடு

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். யோசனை சொன்னதும், நானூறு கேஸ் ஷீட்டைப் புரட்டித் தகவல் எடுத்ததும் நீங்கள் என்றால், ஆசிரியர் வரிசையில் உங்கள் பெயர் எங்கே வரும் என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டு, அந்தப் பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். இந்திய நரம்பியல் சங்கம் 1951ல் சென்னையில் பிறந்தது. அதன் வருடாந்திர மாநாட்டில் ஒரு முறையாவது மேடையேறிவிடுங்கள். முன்கூட்டியே பதிவு செய்தால் கட்டணம் குறையும். ஆங்கிலம் தடுமாறினால் எட்டு ஸ்லைடை இருபது முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கேள்வி நேரத்தில் மெதுவாகப் பேசினால் போதும், உச்சரிப்புக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை விடுங்கள்.

9. படிப்பு முடிந்த பிறகு

தனியார் மருத்துவமனையில் சேர்ந்தால் முதல் சில மாதம் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை தருவார்கள், அப்புறம் கேஸுக்கு ஏற்ற பங்கு. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது, ஓ.பி.யில் நேராக வரும் புது நோயாளி யாருக்குப் போவார் என்பது. பெரும்பாலும், ராத்திரி விபத்துக் கேஸ் ஜூனியருக்கு, பகல் டிஸ்க்கும் கட்டியும் சீனியருக்கு. இந்தப் பிரிவினை எத்தனை வருடம் என்று கேளுங்கள். பெண் என்றால் "பீடியாட்ரிக் பக்கம் போயேன்" என்பார்கள். பிடித்திருந்தால் போங்கள், அருமையான துறை. குழந்தை அழுதால் சமாளிக்கத் தெரியும் என்ற காரணத்துக்காகப் போக வேண்டாம்.

கேஸ் அனுப்புவது சுற்றுவட்டாரப் பொது மருத்துவர்கள். அவர்களோடு மாலை விருந்தில் உட்கார்ந்து பழகும் வாய்ப்பு ஆண் சர்ஜன்களுக்குத்தான் அதிகம். நான் கண்டுபிடித்த வழி, அனுப்பிய டாக்டருக்கு ஆபரேஷன் முடிந்த அன்றே நானே போன் செய்து இரண்டு நிமிடம் பேசுவது. அதை அவ்வளவாக யாரும் செய்வதில்லை. கமிஷன் கேட்பவர்களுக்கு இரண்டாவது போன் கிடையாது.

அரசுப் பணியில் அசிஸ்டென்ட் புரொஃபசராக வந்தால், முதல் நாள் மாலையே தியேட்டர் லிஸ்ட்டில் ஒவ்வொரு கேஸுக்கும் எதிரே தோல் வெட்டு யார், பர் ஹோல் யார், டூரா யார் என்று பி.ஜி.க்கள் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். நான் ஒட்டிய முதல் வாரம் யாரும் அதை நம்பவில்லை. அடுத்த வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு, முதல் வருடப் பெண் ஒருத்தி டியூட்டி இல்லாத நாளில் வந்து, லிஸ்ட்டை போனில் படம் எடுத்துவிட்டு, ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.